பேராக் தோட்டப் பாதைக்கு நடுத்தர வண்டியே போதும்

கட்டுரையாளர்: வாகனப் பராமரிப்புப் பயிற்றுநர், ஈப்போ

ஃபோர்ட் எஃப்-150, ராம் 1500, டொயோட்டா தண்ட்ரா போன்ற அமெரிக்க முழு அளவு பிக்-அப் வண்டிகள் ஈப்போ சாலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணில் படுகின்றன. தனியார் இறக்குமதியாளர் வழியாக வருபவை இவை. எண்ணிக்கையில் சொற்பம்தான். ஆனால் அவை கிளப்பிவிட்ட ஆசை பெரிது. செம்பனைக் குலை வெட்டும் குத்தகை எடுத்திருக்கும் இளைஞர்கள், டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்கள், சிறு கட்டுமானக் குத்தகையாளர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ஹைலக்ஸ வித்துட்டுப் பெருசா ஒண்ணு எடுக்கலாமா?"

வேண்டாம் தம்பி என்பதே என் பதில். பேராக்கில் உழைத்துப் பிழைக்கும் ஒருவருக்கு நடுத்தர பிக்-அப் போதும். சிலருக்கு அதுவே தேவைக்கு அதிகம்.

முதலில் அளவைப் பார்ப்போம். சில ஆண்டுகளாக இங்கு விற்றுவரும் இரட்டைக் கேபின் ஹைலக்ஸின் நீளம் சுமார் 5.33 மீட்டர், அகலம் 1.86 மீட்டர். இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன் இரண்டும் ஏறக்குறைய இதே அளவு. ஃபோர்ட் ரேஞ்சர் கொஞ்சம் அகலம் கூடியது, 1.92 மீட்டர். எஃப்-150 இன் இரட்டைக் கேபின் வண்டியோ சுமார் 5.9 மீட்டர் நீளம், 2.03 மீட்டர் அகலம்; பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் அகலம் 2.4 மீட்டரைத் தாண்டிவிடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் ஹைலக்ஸில் 3.09 மீட்டர், எஃப்-150 இல் ஏறக்குறைய 3.7 மீட்டர். விற்பனைத் தாளில் இந்த அரை மீட்டரை யாரும் கவனிப்பதில்லை. தோட்டத்துக்குள் போனால் எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது.

பெரிய வண்டி வாங்க நினைப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் சுமை. "பெருசுன்னா நிறைய ஏத்தலாம்ல?" என்பார்கள். இந்த நம்பிக்கை தவறு என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் நடுத்தரம் என்று சொல்லும் வண்டிகள் பிறந்ததே ஒரு டன் சரக்கு ஏற்றுவதற்காக. பின்புறம் இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங், அதற்கேற்ற சட்டம், ஏறத்தாழ ஆயிரம் கிலோ சுமைத்திறன் என்பதே இவற்றின் அடிப்படை. முழு அளவு அமெரிக்க வண்டிகளின் குடும்ப ரகங்கள் வேறு நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவை. ராம் 1500 இன் பின்புறத்தில் 2009 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்தே பட்டை ஸ்பிரிங் இல்லை. காருக்குப் போடுவது போன்ற சுருள் ஸ்பிரிங்தான். சவாரி மெத்தென்று இருக்கும். ஆஸ்திரேலியாவில் வலப்பக்க ஸ்டீயரிங்காக மாற்றி விற்கப்படும் ராம் 1500 இன் பல ரகங்களில் சட்டப்படி ஏற்றக்கூடிய சுமை ஒரு டன்னுக்குக் குறைவு. எந்த வண்டியானாலும் ஓட்டுநரையும் உடன் வருபவர்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை என்று சேரச் சேர சரக்குக்கு மிஞ்சும் எடை குறைந்துகொண்டே போகும்.

அந்த வண்டிகளின் உண்மையான பலம் இழுவையில் இருக்கிறது. ராம் 1500 நாலரை டன் வரை இழுக்கும். நம் ரேஞ்சர் மூன்றரை டன். அமெரிக்காவில் படகு, குதிரை டிரெய்லர், நடமாடும் வீடு எல்லாவற்றையும் பின்னால் கட்டி நெடுந்தூரம் போகிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு டன் வித்தியாசம் முக்கியம். பீடோரில் கொய்யா ஏற்றுபவரும் தம்புனில் பம்ளிமாஸ் ஏற்றுபவரும் எதை இழுக்கப்போகிறார்கள்?

குலைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். முதிர்ந்த மரத்தின் செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோ என்று வைத்தால் ஐம்பது குலையில் ஒரு டன் நிறைந்துவிடும். ஐம்பது குலை நடுத்தர வண்டியின் பின்தொட்டியில் குவித்து அடங்கும். அதற்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் பெரிய பிக்-அப் வாங்கி உதவாது. சிறிய லோரிதான் வாங்க வேண்டும். மூன்று டன் லோரியின் வேலையை முழு அளவு பிக்-அப்பை வைத்துச் செய்யப் பார்ப்பவர்கள் ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் சேர்த்தே தின்றுவிடுகிறார்கள். அளவுக்கு மீறிய சுமை என்ன செய்யும் என்பதைப் பேராக் மக்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2025 மே 13 அன்று தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றிவந்த லோரி மோதி ஒன்பது கலகத் தடுப்புப் போலீசார் உயிரிழந்தார்கள். விசாரணையில் வெளிவந்தவை ஸ்டீயரிங் பழுதும் அளவு மீறிய பாரமும்.

அடுத்தது பாதை. பேராக்கின் தோட்டப் பாதைகள் யாருக்காக, எதற்காக வெட்டப்பட்டவை என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 1877 இல் கோலகங்சாரில் ஹியூ லோ ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட் முதல் தாப்பா, பீடோர் வரை ரப்பர் காடாயிற்று. நம் முன்னோர்கள் காட்டை அழித்துப் போட்ட பாதைகளில் முதலில் போனவை மாட்டு வண்டிகள். பிறகு பால் லோரியும் டிராக்டரும் வந்தன. வடிகாலுக்கு மேல் போட்ட பாலங்களும் சிமெண்ட் குழாய்களும் அந்த அகலத்துக்குத்தான் அளவெடுக்கப்பட்டன. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியதே, அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் பிறந்தது. மலாயாத் தோட்டங்களில் பிறகு துரைமார்களின் வண்டியாக நிலைத்தது அது. அந்த முதல் லேண்ட் ரோவரின் அகலம் சுமார் 1.55 மீட்டர், சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 80 அங்குலம், அதாவது இரண்டு மீட்டரைவிடக் கொஞ்சம் கூட. துரையின் வண்டியே அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார நிறுவனங்கள் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் சுங்கை சிப்புட்காரர்தான். துண்டாடப்பட்ட இடங்களில் நிலம் கைமாறியது, பாதை அகலப்படவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் பல இடங்களில் பழைய தடமே நீடித்தது. செம்பனையை ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஆனால் மரம் வளர்ந்து மட்டை இரு பக்கமும் தாழ்ந்தபின், வெட்டிய மட்டைகளை அடுக்கிய வரிசையும் போக மிஞ்சும் வழி குறுகலானது. அதில் கண்ணாடிகளோடு சேர்த்து 2.4 மீட்டர் அகலமுள்ள வண்டியில் நுழைபவர், கண்ணாடியை மடக்கிக்கொண்டு பின்னால் பார்வையில்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும்.

நீளத்தின் தொல்லை இன்னும் மோசம். தோட்டப் பாதையின் குறுக்கே நீர் ஓட மேடு கட்டியிருப்பார்கள். இரண்டு வண்டிகளுக்கும் அடிவயிற்று உயரம் ஒன்றாகவே இருந்தாலும், சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடிய வண்டிதான் அந்த மேட்டில் வயிறு தட்டி நிற்கும். முச்சந்தியில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டியிருக்கும். திரும்பும் வட்டத்தின் விட்டம் முழு அளவு வண்டிக்குச் சுமார் இரண்டு மீட்டர் கூடுதல். கிந்தா பள்ளத்தாக்கின் மாலை மழையில் செம்மண் குழைந்த பிறகு இப்படி ஆட்டிக்கொண்டிருப்பது ஓரத்து வடிகாலில் பின் சக்கரத்தை இறக்குவதில்தான் முடியும். பத்து காஜா, துரோனோ பக்கம் பழைய ஈய லம்பங்களின் மணல்வெளியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு எடையும் எதிரி. மணலில் புதைந்த இரண்டரை டன் வண்டியை மீட்க இன்னொரு பெரிய வண்டியைத் தேட வேண்டும்.

இதற்கு உயிருள்ள சான்று வேண்டுமென்றால் சிம்பாங் பூலாயிலிருந்தோ தாப்பாவிலிருந்தோ கேமரன் மலைக்கு ஏறிப் பாருங்கள். அங்கே காய்கறி விவசாயிகள் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் கைவிடவில்லை. முட்டைக்கோஸ் கூடைகளை அடுக்கிக்கொண்டு சரிவான குறுகிய மண்பாதைகளில் அவை ஏறி இறங்குகின்றன. துருப்பிடித்த உடம்பு, குளிர்சாதனம் கிடையாது. ஆனாலும் அவற்றை அவர்கள் வைத்திருப்பது அந்தப் பாதைக்கு அவை பொருந்துவதால்தான். இடத்துக்கேற்ற வண்டி எப்படியிருக்கும் என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

ஈப்போ நகரத்துக்குள் வந்தால் கதை சுருக்கமானது. புந்தோங்கில் கச்சாங் பூத்தே மூட்டை இறக்குபவரும், லிட்டில் இந்தியாவில் கடைக்குச் சரக்கு இறக்குபவரும் பின்சந்துக்குள் போய்த் திரும்பியாக வேண்டும். நம் ஊர் வாகன நிறுத்துமிடக் கட்டம் ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளம். ஹைலக்ஸே அதில் ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது. எஃப்-150 ஒரு மீட்டரை நெருங்கி நீட்டும்.

பிறகு ஏன் அமெரிக்காவில் மட்டும் இவ்வளவு பெரிய வண்டிகள்? அவர்களுடைய சாலையும் நிலமும் அகலம் என்பது பாதிக் காரணம்தான். மீதியைச் செய்தது சட்டம். மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964 முதல் இறக்குமதி டிரக்குகள் மீது அமெரிக்கா 25 விழுக்காடு வரி விதித்தது. கோழிச் சண்டை அன்றைக்கே ஓய்ந்தது. டிரக் வரி ஓயவில்லை. வெளியிலிருந்து சிறிய வண்டிகள் போட்டிக்கு வருவது கடினமாயிற்று. 2012 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து வந்த எரிபொருள் விதிகள், வண்டி தரையில் அடைக்கும் பரப்பு கூடக் கூட இலக்கைத் தளர்த்தின. சிறியதைச் செய்வதைவிடப் பெரியதைச் செய்வது நிறுவனங்களுக்குச் சுலபமாயிற்று. 2011 இறுதியில் ஃபோர்ட் தன் சொந்த நாட்டிலேயே ரேஞ்சரை நிறுத்திவிட்டு, 2019 மாதிரியாகத்தான் திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே முழு அளவு பிக்-அப் என்பது அந்த நாட்டு வரிக்கும் விதிக்கும் ஏற்ப வளர்ந்த வண்டி. நமக்கு அந்த வரியும் இல்லை, விதியும் இல்லை. பக்கத்திலேயே தாய்லாந்து இருக்கிறது. உலகத்துக்கே ஒரு டன் பிக்-அப் செய்து அனுப்பும் நாடு அது. டி-மேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் எல்லாம் அங்கே உருவாகின்றன. வெப்பம், மழை, மண்பாதை, மிதமிஞ்சிய சுமை எல்லாம் அவர்களுக்கும் நமக்கும் பொது.

எரிபொருள் விஷயத்தில் மட்டும் பெரிய வண்டிக்காரர்களின் வாதத்தை நான் தள்ளிவிடமாட்டேன். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் வந்து, குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை ரோன்95 பெட்ரோல் 1.99 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டு இந்த இரண்டு விலைகளில் கணக்குப் போடுவோம். நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர் டீசல் குடிக்கும் நடுத்தர வண்டிக்கு 135 லிட்டர், செலவு 452 ரிங்கிட். 13 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் 5.0 லிட்டர் வி8 வண்டிக்கு 195 லிட்டர், செலவு 388 ரிங்கிட். பெரிய வண்டி ஜெயிக்கிறது! ஆனால் தகுதியுள்ள டீசல் வண்டி உரிமையாளர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் 2024 இல் அறிவிக்கப்பட்ட மாதம் 200 ரிங்கிட் புடி மடானி உதவித்தொகையைக் கழித்தால் டீசல் செலவு 252 ரிங்கிட்டுக்கு இறங்கிவிடும். உதவித்தொகைக்குத் தகுதியில்லாத வருமானம் உள்ளவருக்கு எரிபொருள் ஒரு காரணமாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எரிபொருளோடு செலவு முடிவதில்லை. சாலை வரி என்ஜின் கொள்ளளவை வைத்துப் போடப்படுகிறது, 3,000 சி.சி.யைத் தாண்டினால் வேகமாக ஏறும். வண்டியின் விலையே நடுத்தர வண்டியைப்போல் பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல். அதை ஒன்பது ஆண்டுத் தவணையில் எடுக்கும் முப்பது வயதுக்காரர், நாற்பதை நெருங்கும்போதும் கட்டிக்கொண்டிருப்பார். உதிரிபாகம்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துவது. ஹைலக்ஸின் கீழ்க்கை புஷ் தேய்ந்தால் ஈப்போவில் காலையில் வாங்கி மாலையில் மாட்டிவிடலாம். அசல் வேண்டாம், தாய்லாந்துச் சாமான் போதும் என்றால் அதுவும் கிடைக்கும். பழைய உதிரிபாகக் கடைகளில் கழற்றிய கியர்பெட்டிகூட உண்டு. தனியாக இறக்குமதியான அமெரிக்க வண்டிக்கு, ஸ்டீயரிங் பக்கம் மாற்றிச் செய்த பாகங்களுக்கு, எங்கே போவது? வாரக்கணக்கில் வண்டி பட்டறையில் நிற்கும். குலை மரத்திலேயே பழுத்து உதிரும். குத்தகைக்காரருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போன நாள்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு கவலை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், தாழ்ந்து சரிந்த முன்மூடி கொண்ட வண்டிகளைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று தெரியவந்தது. 40 அங்குலம் என்பது ஒரு மீட்டர். மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் உயரம். தோட்டத்தை விட்டு வெளியேறி நாம் குடியேறியிருக்கும் தாமான்களில் பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே விளையாடுகிறார்கள். நடுத்தர பிக்-அப்களும் இந்த விஷயத்தில் குற்றமற்றவை அல்ல. அவற்றின் முகமும் மாதிரிக்கு மாதிரி உயர்ந்துகொண்டே போகிறது.

நடுத்தரத்தைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியாததற்கு அதுவே காரணம். 1968 இல் முதல் ஹைலக்ஸ் வந்தபோது அதன் நீளம் சுமார் 4.2 மீட்டர், அகலம் 1.6 மீட்டருக்குள். இன்று நடுத்தரம் என்று விற்கப்படுவது அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் நீளம். இன்னும் கொஞ்ச காலம் போனால், இன்று முழு அளவைப் பற்றி நான் சொல்வதையெல்லாம் நடுத்தரத்தைப் பற்றியும் சொல்ல நேரும். எல்லா ரகமும் ஒன்றல்ல என்பதையும் வாங்குபவர்கள் அறிய வேண்டும். ரேஞ்சர் ராப்டர் அழகான வண்டி, கல்லிலும் பள்ளத்திலும் பாயும்; ஆனால் பின்புறம் சுருள் ஸ்பிரிங், சுமைத்திறன் சுமார் 700 கிலோதான். குலை ஏற்ற அதை எடுப்பது பணத்துக்குக் கேடு. நிஜமாகவே சரக்கு ஏற்றுபவர்கள் ஒற்றைக் கேபின் டி-மேக்ஸையோ ஹைலக்ஸையோதான் முதலில் பார்க்க வேண்டும். விலை குறைவு, பின்தொட்டி நீளம். டொயோட்டா 2023 நவம்பரில் தாய்லாந்தில் வெளியிட்ட ஹைலக்ஸ் சாம்ப், மிக எளிய உடம்போடு, பின்பக்கத்தை வேண்டியபடி கட்டிக்கொள்ளும் விதத்தில் அமைந்தது. நம் தோட்டக்காரர்களுக்கு வேண்டியது அந்த மாதிரி வண்டிதான்.

இரட்டைக் கேபின் தேவைப்படுவது ஆட்களை ஏற்றிச் செல்பவர்களுக்கு. வெட்டுக்காரர்களைப் பின்தொட்டியில் உட்காரவைத்துக் கொண்டுபோகும் வழக்கம் தோட்டத்தில் ஊறிப்போனது. லோரியிலும் டிராக்டர் டிரெய்லரிலும் வேலைக்குப் போன, பள்ளிக்கூடம் போன தலைமுறை நம்முடையது. அதனால் அது நமக்குத் தவறாகவே தோன்றுவதில்லை. ஆனால் சாலையில் அது சட்டப்படி குற்றம். திடீர் பிரேக்கில் முதலில் தூக்கி எறியப்படுபவர்கள் அவர்கள்தான். பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அவர்கள், கேட்க ஆளில்லாதவர்கள். நம் தாத்தா பாட்டிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். நான்கு பேரோடு வேலைக்குப் போகிறவர் இரட்டைக் கேபின் எடுத்து அவர்களை உள்ளே, பெல்ட் போட்டு உட்கார வைக்கட்டும். அதற்கு மேல் ஆட்கள் என்றால் வேன் வேண்டும்.

ரப்பர் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். கிண்ணத்தில் உறைந்த கட்டிப்பாலிலிருந்து வடியும் நீரில் அமிலம் இருக்கிறது. பின்தொட்டியின் தகட்டை அது சீக்கிரம் அரித்துவிடும். வண்டி எடுத்த உடனே தடித்த பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஏற்றி இறக்கிய அன்றே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

முழு அளவு பிக்-அப் யாருக்குத்தான் பொருந்தும்? லூமுட்டில் கனமான படகை டிரெய்லரில் கட்டி இழுப்பவருக்கு, அகலமான முற்றமும் உதிரிபாகத்துக்குக் காத்திருக்கப் பொறுமையும் இருந்தால், பொருந்தும். மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. விற்பனைக் கூடத்துக்குப் போகுமுன் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்துக்குப் போங்கள். மிகக் குறுகிய பாலத்தையும் மிக நெருக்கமான வளைவையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆலை எடைச்சீட்டுகளில் ஒரு நடைக்கு நீங்கள் ஏற்றுவது எத்தனை கிலோ என்று பாருங்கள். அந்தத் தாளை விற்பனையாளர் முன் வைத்துவிட்டு விலை பேசத் தொடங்குங்கள்.